சிறப்புப் பிள்ளைகளுக்கான வீட்டுப் பயிற்சி இரண்டே வாரத்தில் நின்றுபோகிறது. எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) என்ன செய்யலாம்?

ஆலமரத்தடி கேட்டது:

வணக்கம். கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர் நான். எங்கள் பள்ளியில் சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளைகள் மூவர். இரண்டாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள பையன், பேச்சு இன்னும் வரவில்லை. நான்காம் வகுப்பில் அறிவுசார் குறைபாடு உள்ள பெண். ஆறாம் வகுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள பையன், வாக்கர் பிடித்து நடப்பான்.

வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வாரம் ஒரு நாள் வருகிறார், நன்றாகவே சொல்லித் தருகிறார். ஆனால் வீட்டில் செய்யச் சொல்வது இரண்டு வாரம் ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. மூன்று குடும்பங்களும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். வீட்டுப் பயிற்சியை எப்படி அமைத்தால் நிற்காது? கட்டட விஷயத்தில் குழு எதைக் கேட்க வேண்டும்? சான்றிதழ், உதவித்தொகையில் முதலில் எது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை (சிறப்புப் பயிற்றுநர்):

ஐயா, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். முதலில் வீட்டுப் பயிற்சிக்கென்று பயிற்றுநர் எழுதித் தந்த திட்டத்தாளை வாங்கிப் பாருங்கள். ஏழெட்டு இலக்கு இருக்கும். ‘தினமும் அரை மணி நேரம் மணி கோர்க்கச் செய்யவும்’ என்று இருக்கும். வேலை முடிந்து வந்து அடுப்பு மூட்டுகிற நேரத்தில் அந்த அரை மணி நேரம் எந்த வீட்டிலும் இல்லை. எப்படியும் நடக்கிற வேலைக்குள் பயிற்சியை வைத்தால்தான் நிற்கும்.

இலக்கைத் தேர்ந்தெடுக்க எம்.டி.பி.எஸ். (மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்) அளவுகோலைப் பயன்படுத்தச் சொல்லுங்கள். சென்னையில் உருவானது, ‘மெட்ராஸ்’ என்ற பெயரே அதில் இருக்கிறது. உண்பது, உடுத்துவது, கழிப்பறை, பணம், நேரம் என்று 18 பகுதிகள், பகுதிக்கு 20 வீதம் 360 செயல்கள், எளியதிலிருந்து கடினத்துக்குப் போகும். பிள்ளை செய்தால் ஏ, செய்யாவிட்டால் பி. அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் குறிக்க வேண்டும். ‘வீட்டில் தானே சாப்பிடுவாள், பள்ளியில்தான் மாட்டாள்’ என்பது அப்போதுதான் தெரியவரும். ஏ முடிந்து பி தொடங்கும் இடம்தான் அடுத்த இலக்கு. அதிலிருந்து வீட்டுக்கு ஒன்றே ஒன்று கொடுங்கள். பள்ளிக்கு இரண்டு போதும்.

நான்காம் வகுப்புப் பெண்ணுக்குக் கை கழுவுவது என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் படி: சொம்பில் தண்ணீர் மொள்ளுதல், கை நனைத்தல், சோப்பை எடுத்தல், தேய்த்தல், சோப்பை வைத்தல், மறுபடி மொள்ளுதல், அலசுதல், துண்டில் துடைத்தல். கடைசியிலிருந்து தொடங்குங்கள். முதல் ஏழையும் அம்மா கைமேல் கைவைத்துச் செய்யவைக்கட்டும்; துடைப்பதை மட்டும் பிள்ளை தானாகச் செய்யட்டும். ஐந்து நாளில் நான்கு நாள் தானே துடைத்தால், அலசுவதையும் அவளிடம் விடுங்கள். முன்னாலிருந்து தொடங்கினால் பாதியிலேயே அலுத்துப்போகும், மீதியை அம்மா முடித்துவிடுவார். பின்னாலிருந்து வந்தால் தினமும் வேலையை முடித்தது பிள்ளைதான், முடித்த கையோடு தட்டில் சோறு. தனியாகப் பரிசு எதுவும் தேட வேண்டியதில்லை.

பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, ஆளுக்கொரு சொல். அம்மா ‘கை கழுவு’, டீச்சர் ‘வாஷ் பண்ணு’, அப்பத்தா ‘கையலம்பு’ என்றால் பிள்ளைக்கு அது மூன்று வேலை. ஒரே சொல்லை முடிவு செய்து திட்டத்தாளில் எழுதுங்கள். இரண்டு, அவசரம். ஒருமுறை சொன்னதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் விரலால் காட்டுங்கள், அடுத்து முழங்கையை லேசாகத் தொடுங்கள், கடைசியாகத்தான் கைபிடிப்பது. சொன்னதையே பத்துத் தடவை சொன்னால், பத்தாவதுக்குத்தான் நகர வேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.

பதிவுக்கு நோட்டு வேண்டாம், எழுதத் தயங்கும் அம்மாக்களும் இருக்கிறார்கள். தினசரிக் காலண்டர் தாளே போதும். தானே செய்தால் ஒரு கோடு, உதவியோடு என்றால் ஒரு வட்டம். கிழித்த தாளைப் புத்தகப் பையில் போட்டு அனுப்பட்டும். வாரம் ஒருமுறை பயிற்றுநர் எடுத்து எண்ணுவார். இரண்டு வாரமும் வட்டமாகவே இருந்தால் படி பெரிதாக இருக்கிறது என்று பொருள், இன்னும் சிறிதாக உடைக்க வேண்டும்.

பேச்சு வராத பையனுக்குப் பட அட்டை. கார்ட்டூன் படம் வேண்டாம். அவன் குடிக்கிற டம்ளர், அவனுக்குப் பிடித்த தின்பண்டம் இவற்றையே போன் கேமராவில் எடுத்து, உள்ளங்கை அளவில் பிரின்ட் போட்டு லேமினேட் செய்யுங்கள். ஒரே ஒரு படத்தில் தொடங்குங்கள். முதலில் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் எதிரில் பண்டத்தோடு, இன்னொருவர் பின்னாலிருந்து அவன் கையைப் படத்துக்கு நடத்துபவர். அட்டையை நீட்டிய அந்தக் கணமே பண்டம் கைக்குப் போக வேண்டும். ‘என்ன வேணும், சொல்லு’ என்று இந்தக் கட்டத்தில் கேட்காதீர்கள். நாம் கேட்டால்தான் அட்டையைத் தர வேண்டும் என்று பழகிவிடுவான். அட்டை பீரோ மேல் இருந்தால் பயனில்லை, அவன் கைக்கு எட்டுகிற ஆணியில் தொங்க வேண்டும். படம் கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடும் என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. அப்படி ஆவதில்லை என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

முழங்கால்_மூட்டு (இயன்முறை மருத்துவர்):

ஆறாம் வகுப்புப் பையன் எப்படி உட்கார்கிறான் என்று முதலில் பாருங்கள். கால் தொங்கிக்கொண்டிருந்தால் உடல் சரியும், கை எழுத வராது. பாதம் முழுதும் தரையிலோ பலகையிலோ படிய வேண்டும். இடுப்பும் முழங்காலும் செங்கோணத்தில், மேசை முழங்கை உயரத்தில். பெஞ்சு உயரமென்றால் பழைய நோட்டுகளை அடுக்கிக் கட்டிக் காலடியில் வைத்தாலே போதும்.

மதியச் சாப்பாட்டில் கவனம் தேவை. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் பலருக்கு விழுங்குவது சிரமம். சாய்ந்தபடியோ தலையை அண்ணாந்தோ ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குப் போகும். நிமிர்ந்த முதுகு, தாடை சற்றே கீழ்நோக்கி, சிறு கவளம், ஒன்று உள்ளே போன பிறகு அடுத்தது. முடித்த பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். ஒவ்வொரு வேளையும் இருமினால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

சாய்தளக் கணக்கு: ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 15 செ.மீ. படி மூன்று என்றால் உயரம் 45 செ.மீ., நீளம் 5.4 மீட்டர். இடமில்லை என்று இரண்டு மீட்டரில் முடித்துவிடுவார்கள். அதில் வாக்கர் பின்னால் சறுக்கும், சக்கர நாற்காலியை அம்மாவால் தள்ள முடியாது. இடமில்லாவிட்டால் நடுவில் சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். அகலம் 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது, இருபுறமும் கைப்பிடி, மேலும் கீழும் ஒன்றரை மீட்டர் சமதளம். வழவழப்பான டைல்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். கழிப்பறைக் கதவு 90 செ.மீ., வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவின் பின்னால் பிள்ளை விழுந்துவிட்டால் யாராலும் உள்ளே போக முடியாது.

மஞ்சள் பை (பெற்றோர் அமைப்பில் தன்னார்வலர்):

ஆவணத்தில் முதலில் யூ.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை), மற்றவை அதைப் பிடித்துத்தான் வரும். ஸ்வாவலம்பன் இணையதளத்திலோ இ-சேவை மையத்திலோ விண்ணப்பித்து, பதிவு எண்ணோடு மருத்துவமனை மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஆதார், பள்ளிப் பதிவு, ரேஷன் கார்டு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலே சிக்கல்தான். ஆட்டிசத்துக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற 40 கேள்வி அளவுகோல். 70 மதிப்பெண்ணிலிருந்து ஆட்டிசக் கணக்கு. மதிப்பீட்டில் பெருமைக்காக ‘எல்லாம் செய்வான்’ என்று சொல்லாமல், உதவியில்லாமல் எதைச் செய்கிறான் என்பதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

சான்றிதழ் வந்ததும் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து எமிஸில் (பள்ளிக் கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு) ஏற்றுங்கள். போக்குவரத்துப் படி, துணையாள் படி, உபகரணம் இவற்றுக்கெல்லாம் பள்ளிக் கணக்கில் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும். பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும்; மற்ற வகைகளுக்கு வரம்பு வேறு, அங்கேயே கேளுங்கள். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு உங்கள் பிள்ளைகள் மூவருமே தகுதியானவர்கள், ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. செலவு செய்துவிட்டுத் திரும்பக் கேட்கும் முறை என்பதால் அசல் பில்லைத் தொலைத்தால் பணம் வராது. ஒரு பையில் எல்லாவற்றையும் போட்டு வையுங்கள்.

ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் கேட்கலாம். ஆனால் வாயால் சொல்லி எழுதவைப்பது தனிப் பழக்கம். எட்டாம் வகுப்பிலிருந்தே பள்ளித் தேர்வுகளை அப்படி எழுதட்டும்.

குழுக் கூட்டத்தைப் பற்றி ஒன்று. கல்வி உரிமைச் சட்டப்படி முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். கூட்டம் காலை பதினோரு மணிக்கு என்றால் கூலி வேலைக்குப் போகிற அம்மாக்கள் எப்படி வருவார்கள்? மாலைக்கு மாற்றச் சொல்லுங்கள். தீர்மானத்தில் ‘வசதி செய்து தர வேண்டும்’ என்று பொதுவாக எழுதாமல் என்ன, எத்தனை மீட்டர், யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். அதன் நகலைக் கிராம சபைக்கும் கொண்டுபோகலாம், ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் கூட்டத்தில் உரக்கப் பேசாதீர்கள். அது அந்த வீட்டாரின் விஷயம்.

ஆலமரத்தடி:

மிகவும் நன்றி. இன்னொன்று. இரண்டாம் வகுப்புப் பையன் கத்துவதால் தங்கள் பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்று சில பெற்றோர் வேறு பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறார்கள்.

கரும்பலகை (சிறப்புப் பயிற்றுநர்):

அனுப்ப முடியாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16-ஆவது பிரிவு, பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்கிறது. இதைச் சண்டையாக்காமல் தலைமை ஆசிரியர் சொல்லட்டும். ஆனால் அவர்கள் சொல்கிற சத்தம் உண்மை, அதற்கும் வழி செய்ய வேண்டும்.

மூன்று நாளைக்கு வகுப்பாசிரியர் ஒரு தாளில் குறிக்கட்டும்: எத்தனை மணிக்குக் கத்தினான், அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது, கத்தியதும் அவனுக்கு என்ன கிடைத்தது. இறைவணக்க மைக், மணியோசை, சாப்பாட்டு வரிசை இப்படி ஒன்றிரண்டு இடம் சிக்கும். மைக்கிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். மணி அடிக்க இரண்டு நிமிடம் முன்பே அடுத்த வேலையின் படத்தைக் காட்டுங்கள். கத்தியதும் வெளியே அனுப்பிவிடுவதாக இருந்தால், வெளியே போக அதுதான் வழி என்று அவன் பிடித்துக்கொள்வான். அதற்குப் பதிலாக ‘வெளியே’ என்றொரு படம் கொடுத்து, நீட்டும்போதெல்லாம் இரண்டு நிமிடம் அனுப்புங்கள்.

வாரத்துக்கு இரண்டு பிள்ளைகளைத் துணையாகப் போடுங்கள், முறை மாறி வரட்டும். எப்போதும் ஒரே பிள்ளை என்றால் அந்த வீட்டில் வருத்தம் வரும். டம்ளர் படத்தின் இன்னொரு பிரதியைச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அக்காவிடமும் கொடுத்துவையுங்கள். அவன் அதைக் காட்டுகிறபோது தண்ணீர் தர வேண்டியவர் அவர்தான்.