புதுப்பிப்பு: பாதியில் நின்றுபோன வி-லுக்கப் சரியாகிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேனே, மளிகை பில் ஸ்ப்ரெட்ஷீட்டில் வி-லுக்கப் ஃபார்முலாவை (பொருளின் பெயரைப் பட்டியலில் தேடி விலையை எடுத்துத் தருவது) கீழே இழுத்தால் முதல் சில வரிகளுக்கு விலை வருகிறது, அப்புறம் #என்/ஏ (தேடியது கிடைக்கவில்லை என்ற பிழை) வருகிறது என்று. தீர்ந்துவிட்டது. விலைப்பட்டியலை ஏ2:பி180 என்று டாலர் குறி இல்லாமல் கொடுத்திருந்தேன். ஒரு வரி இறங்கினாலே அது ஏ3:பி181 ஆகிவிடும், ஏழு வரி இறங்கியதும் ஏ9:பி187, பட்டியலில் ஐந்தாவது வரியில் இருந்த துவரம்பருப்பு அதற்குள் வெளியே போய்விட்டது. ஃபார்முலாவில் அந்த ரேஞ்சை மட்டும் தேர்ந்தெடுத்து எஃப்4 தட்டினேன், $ஏ$2:$பி$180 என்று பூட்டிக்கொண்டது. தேடும் பெயர் இருக்கும் செல்லுக்கு இது வேண்டாம், அது வரியோடு நகரத்தான் வேண்டும்.

அப்படியும் உளுந்து மட்டும் வரவில்லை. பார்த்தால், பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஒரு காலி இடம்! தேவையில்லாத காலி இடத்தை நீக்கும் ட்ரிம் ஃபார்முலாவைப் போட்டதும் சரி.

இன்னொன்று, வி-லுக்கப் ஃபார்முலாவின் கடைசியில் ஃபால்ஸ் (பெயர் அப்படியே பொருந்த வேண்டும் என்று சொல்வது) போட மறக்காதீர்கள். விட்டால் தோராயமாகத் தேடி வேறு பொருளின் விலையைச் சத்தமில்லாமல் வைத்துவிடும், பிழை என்றுகூடக் காட்டாது. #என்/ஏவைவிட எனக்கு அதுதான் பயம். டாலர் குறியைப் பார்க்கச் சொன்ன நண்பருக்கு ரொம்ப நன்றி.