பழைய பாசன வாய்க்கால் கரையில் ஜியோகேச்சிங்: அம்பு அக்கரையைக் காட்டுகிறது, எங்கே தேடுவது?

கரைப்பாதை:
பாசனத்துக்குத் தண்ணீர் விடுவது நின்று, நடைபாதையாகிவிட்ட ஒரு பழைய வாய்க்கால். இரண்டு பக்கமும் அடர்ந்த மரங்கள், இடையிடையே இரும்பு ஷட்டர் வைத்த மதகுகள். கரை நெடுக வரிசையாகக் கேச்கள் (ஜியோகேச்சிங் விளையாட்டில் ஒருவர் ஒளித்து வைத்து, இடத்தை இணையத்தில் கொடுத்து, மற்றவர்களை ஜி.பி.எஸ். வைத்துத் தேடச் சொல்லும் டப்பாக்கள்) இருப்பதாக வரைபடம் சொல்கிறது. மரத்தடிக்குப் போனதும் போனில் தூரம் 4 மீட்டர், 15, மறுபடி 9 என்று தாவுகிறது. அம்பு சில இடத்தில் அக்கரையைக் காட்டுகிறது. எதை நம்பித் தேடுவது? மதகில் எதையெல்லாம் தொடலாம்?

வடக்குநோக்கி:
முதலில் அந்த எண்ணைத் துரத்துவதை நிறுத்துங்கள். கேச்சின் இணையப் பக்கத்தில் இடத்தைப் பாகை, நிமிடம், நிமிடத்தில் மூன்று தசமம் என்று கொடுக்கிறார்கள். கடைசி இலக்கம் ஒன்று மாறினாலே வடக்கு தெற்காக 1.85 மீட்டர் நகரும். மறைத்தவரின் கருவி 5 மீட்டர் தவறியிருக்கலாம், உங்களுடையதும் அதே அளவு தவறலாம். ஆகவே 10 மீட்டர் விலகல் சாதாரணம். ஈர இலைகள் சிக்னலை உறிஞ்சுவதால் மரத்தடியில் இது இன்னும் கூடும்.

30 மீட்டருக்கு முன்பே திறந்த இடத்தில் நின்று அம்பின் திசையைப் பாருங்கள். அந்தக் கோட்டில் தூரத்தில் தெரியும் ஒரு மரத்தையோ கம்பத்தையோ மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேச்சைக் கடந்து போய் மறுபக்கத்திலிருந்து பாருங்கள். வாய்க்கால் கரையில் இங்கேதான் சிக்கல்: பாதை ஒரே கோடாக இருப்பதால் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும், வெட்டிக்கொள்ளாது. மூன்றாவது கோடு பக்கவாட்டிலிருந்து கிடைத்தாக வேண்டும். அதற்குக் கரையின் வெளிச்சரிவில் இறங்குங்கள், அல்லது அடுத்த பாலம் வழியாக அக்கரைக்குப் போய்ப் பாருங்கள். கோடுகள் வெட்டும் இடத்தைச் சுற்றி 10 மீட்டர், அவ்வளவுதான் உங்கள் தேடல் களம்.

இரும்பு ஷட்டர் பக்கத்தில் போனின் திசைகாட்டி பொய் சொல்லும். அங்கே அம்பை விட்டுவிட்டு வரைபடப் புள்ளியை மட்டும் பாருங்கள்.

மதகடி:
எந்தக் கரை என்பதற்குப் போனைவிட வாய்க்காலே நல்ல சாட்சி. இவ்வகை வாய்க்கால்கள் சம உயரக் கோட்டை ஒட்டி மலைச்சரிவில் வளைந்து வளைந்து போகும். வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி அகலமான கரை எழுப்பியிருப்பார்கள். பராமரிப்பு வண்டி ஓடிய தடம் பெரும்பாலும் அதன்மேல்தான் இருக்கும், இன்றைய நடைபாதையும் அதுவே. மேட்டுப்பக்கம் வெறும் சரிவு.

இப்போது கேச்சின் இணையப் பக்கத்தில் நிலப்பரப்பு மதிப்பெண்ணைப் பாருங்கள், அந்த இடத்தை அடைவது எவ்வளவு கடினம் என்று 1 முதல் 5 வரை போட்டிருப்பார்கள். 1 என்றால் சக்கர நாற்காலியில் போகலாம். 1.5, 2 என்றால் வாய்க்காலுக்குள் இறங்கத் தேவையே இல்லை, அம்பு எங்கே காட்டினாலும் நடைபாதைப் பக்கமோ பாலத்திலோதான் தேட வேண்டும். 3-க்கு மேல் போனால் மேட்டுச்சரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் போட்டவர் கவனக்குறைவாக இருந்தால் இந்தக் கணக்கு தப்பும்.

அதே பக்கத்தில் உள்ள டப்பாவின் அளவு அடுத்த தடயம். ‘மைக்ரோ’ என்றால் 100 மில்லிக்குள்: பாலத்தின் அடி உத்தரத்தில் காந்தச் சாவிப்பெட்டி, தடுப்புக்கம்பியின் முனை, கிளையில் தொங்கும் உலோகக் குப்பி. போல்ட் வடிவில் செய்த போலி டப்பாவும் இருக்கலாம், பக்கத்து போல்ட்டுகளோடு ஒப்பிடுங்கள்: துருவும் பெயிண்டும் ஒத்துப்போகாதது எதுவோ அதுதான். ‘ரெகுலர்’ ஒரு லிட்டருக்கு மேல். அதை இரும்பில் ஒட்டவைப்பது கடினம், வேர்ப்பொந்து, கற்குவியல் பக்கம் போங்கள். குச்சிகள் தாமாக விழுந்தால் தாறுமாறாகக் கிடக்கும். ஒரே திசையில் அடுக்கிக் கிடந்தால் யாரோ வைத்தது. பொந்துக்குள் கைவிடுமுன் 60 செ.மீ. குச்சியால் தட்டிப் பார்ப்பது கட்டாயம். பாம்பும் குளவியும் இருக்கக்கூடும்.

ஈரத்தாள்:
தொடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். ஷட்டரின் சக்கரம், திருகுத்தண்டு, பூட்டு, அடைப்புப் பலகை, இவற்றில் எதையும் அசைக்கக் கூடாது. எதையாவது கழற்றினால்தான் கேச் கிடைக்கும் என்று தோன்றினால் நீங்கள் தேடும் இடம் தவறு. சிறுபாலக் குழாய்க்குள் நுழையவே வேண்டாம். பாசனம் நின்ற வாய்க்கால் காய்ந்த வாய்க்கால் ஆகிவிடாது. அமெரிக்காவின் டென்வர் பகுதியில் 71 மைல் நீளும் ஹை லைன் கால்வாய் 1880-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காக வெட்டப்பட்டது, இன்று அதன் பகுதிகள் மழைநீரைச் சுமக்கின்றன. மேலே எங்கோ பெய்த மழை உங்கள் தலைக்கு மேல் மேகமே இல்லாதபோதும் வந்து சேரும்.

பையில் இருக்க வேண்டியவை: பென்சில் (ஈரத்தாளில் பந்துமுனைப் பேனா எழுதாது), சுருட்டிய தாளை உருவ இடுக்கி, சிறு கண்ணாடி, டார்ச், கையுறை, உதிரி லாக் தாள்கள் (கண்டுபிடித்தவர் கையெழுத்திடும் தாள்), உலர்ந்த துணி. வாய்க்கால் கரைக் காற்றில் ஈரம் அதிகம், பழைய ஃபிலிம் டப்பாவின் மூடி அதைத் தடுக்காது. தாள் நனைந்திருந்தால் டப்பாவைத் துடைத்து, உதிரித் தாளைச் சேர்த்து, பராமரிப்பு தேவை என்று பதிவிடுங்கள். நனைந்த பழைய தாளை வீசிவிடாதீர்கள், முந்தையவர்களின் கையெழுத்து அதில்தான் இருக்கிறது.

கரைப்பாதை:
மிக்க நன்றி. தேடியும் கிடைக்காவிட்டால் அதே இடத்தில் புதிதாக ஒன்றை வைத்துவிட்டுக் ‘கிடைத்தது’ என்று பதிவிடலாமா?

மதகடி:
கூடாது. பழையது அங்கேயே இருந்தால் இரண்டு டப்பா ஆகிவிடும், அடுத்து வருபவர் எதில் கையெழுத்திடுவார்? ‘கிடைக்கவில்லை’ என்றே பதிவிடுங்கள். அப்படிப்பட்ட பதிவுகள் அடுத்தடுத்து வந்தால் உரிமையாளர் வந்து பார்ப்பார். சொந்தமாக வைக்க ஆசை என்றால் வாய்க்கால் நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் முதலில் அனுமதி வாங்குங்கள். மண்ணைத் தோண்டிப் புதைக்காதீர்கள். அடுத்த கேச்சிலிருந்து 161 மீட்டராவது தள்ளி வையுங்கள். இது நேர்க்கோட்டுத் தூரம். வாய்க்கால் வளைந்து திரும்பும் இடத்தில் 300 மீட்டர் நடந்திருந்தாலும் நேராக அளந்தால் அதைவிடக் குறைவாக இருக்கலாம், தளத்தில் வெளியிட அனுமதி மறுக்கப்படும். ஆகவே டப்பாவைத் தயார் செய்யுமுன் வரைபடத்தில் அளந்துவிடுங்கள்.