டிரம் மிக்சர்ல ஸ்கிரீட் கலக்குனா உருண்டை வருமா வராதா

துபாய்_பம்ப்: நேத்து இங்க ஒருத்தர் "தரை ஸ்கிரீட்டுக்கு டிரம் மிக்சரே போதும், பம்ப் மெஷின்லாம் வெட்டிச் செலவு"ன்னு எழுதிருந்தார், படிச்சதுல இருந்து மனசு ஆறல. ஸ்கிரீட்னா டைல்ஸுக்கு அடியில தரைய சமமாக்கப் போடுற சிமெண்ட்-மணல் கலவை. தண்ணி கம்மியா போடுற அந்தக் கலவைய டிரம்ல சுத்துனா சிமெண்ட் உருண்டை உருண்டையா திரளும். பேன் மிக்சர் இல்லன்னா கலந்து ஹோஸ் வழியா தள்ளுற பம்ப் மெஷின், வேற வழி கிடையாது.

மேஸ்திரி_மகன்: அந்த ஒருத்தர் நான்தான், நேராவே கேளுங்க. 20 வருஷமா டிரம்தான். உருண்டை வராது.

துபாய்_பம்ப்: வந்திருக்கும், மேல டைல்ஸ் ஒட்டி மூடிருப்பீங்க. போன மாசம் லீவுல வந்தப்ப ஒரு வீட்ல தொம்தொம்னு சத்தம் வருதுன்னு டைல்ஸ பேத்தோம், கீழ நெல்லிக்காய் சைஸ்ல உருண்டை, உடைச்சா உள்ள நனையாத சிமெண்ட் பொடி. டிரம் மேல தூக்கி கீழ போடும், அவ்ளோதான். பேன்ல துடுப்பு அழுத்திப் பிசையும். ஸ்கிரீட்டுக்கான பிரிட்டிஷ் தர விதி, பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் 8204 கூட இததான் சொல்லுது.

மேஸ்திரி_மகன்: வெள்ளைக்காரன் போய் எத்தன வருஷம் ஆச்சு, இன்னும் அவன் புக்கா?

ஓசூர்_சிவில்: ரெண்டு பேரும் எந்த ஸ்கிரீட்ட சொல்றீங்க? தண்ணியா ஊத்துறதா, கையில புடிச்சா பிடி நிக்கிற பதமா?

மேஸ்திரி_மகன்: பதம்லாம் எங்களுக்குத் தெரியும் சார். உருண்டை வராது.

மதுரை_கான்ட்ராக்ட்: மூணாவது மாடிக்கு பாண்டுல தூக்கி சித்தாளுக்கு இடுப்பு போச்சு, பம்ப் வச்சதும் காத்து தள்ளி ஹோஸ் வழியா கொண்டுபோய் ஹோஸ் முனைய தாங்குற முக்காலிகிட்ட கொட்டிருச்சு. ஆனா ஹோஸ் அடைச்சு அரை நாள் வீண்.

துபாய்_பம்ப்: மணல் சலிச்சீங்களா? முதல்ல சிமெண்ட் பால் விட்டு ஹோஸ நனைச்சீங்களா? மெஷின குறை சொல்லாதீங்க. இன்னொன்னு, பிரஷர் இறக்காம ஹோஸ் இணைக்கிற கப்ளிங்க கழட்டாதீங்க, ஆளே போயிருவான்.

மேஸ்திரி_மகன்: ஆமா, சித்தாளுக்கு இடுப்பு போகுதுன்னு மெஷின் வைப்பீங்க, அப்புறம் கூலி இல்லாம அவங்க வயிறு காயும், அத எவன் கேப்பான்? போன தடவ வாட்டர்ப்ரூஃப் பேச்சுலயும் இந்த துபாய்காரர் இப்படித்தான் சட்டம் பேசுனார், அது மறக்கல.

மதுரை_கான்ட்ராக்ட்: எங்கண்ணே கூலி இல்ல? ஆள் வரமாட்டேங்குறாங்கன்னுதான் மெஷினே எடுத்தேன்.

துபாய்_பம்ப்: பழைய கணக்க விடுங்க. உருண்டைக்கு பதில் சொல்லுங்க.

மேஸ்திரி_மகன்: எங்கப்பா மணியாசு கட்டை (பூச்ச சமமா தேய்க்கிற மரக்கட்டை) போட்டுத் தேச்ச தரை 40 வருஷமா கீறல் இல்லாம கெடக்கு, வந்து பாருங்க.

துபாய்_பம்ப்: அவர் கையால புரட்டிப் புரட்டி கலந்தது, டிரம்ல இல்ல!

மேஸ்திரி_மகன்: எங்கப்பா பேச்ச எடுக்காதீங்க. நாளைக்கு என் சைட்டுல டிரம் ஓடுது, வீடியோ போடுறேன்.

துபாய்_பம்ப்: போடுங்க. கொட்டுன கலவைய கையால பிரிச்சுக் காட்டுங்க, மேல தேச்சு முடிச்சத காட்டாதீங்க.

மேஸ்திரி_மகன்: உருண்டை வராது.