உதவி: ஆபீஸ் ப்ரிண்டரில் மெமரி எரர், லாரி வாசலில் நிற்கிறது

மாங்கூழ் கணக்கர் (கிருஷ்ணகிரி):
காலையிலிருந்து ப்ரிண்டரில் மெமரி எரர். நடுவில் ஹார்டு டிஸ்க் என்றும் ஏதோ வந்தது. ஆஃப் செய்து ஆன் செய்தாயிற்று. சீசன் நேரம், மாங்கூழ் லோடு ஏற்றிய லாரி பில்லுக்காக நிற்கிறது. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

பர்கூர்க்காரன்:
என்ன கம்பெனி, என்ன மாடல்? திரையில் எண் ஏதாவது வந்ததா? ஜெராக்ஸ் எடுத்தாலும் வருகிறதா, கம்ப்யூட்டரிலிருந்து அடித்தால் மட்டுமா?

கல்தூசி:
தூசுதான். கிரானைட் பட்டறை ஆபீசில் எட்டு வருடம் இருந்தவன் சொல்கிறேன். பின்மூடியைக் கழற்றி ப்ளோயரால் ஊதுங்கள், சரியாகிவிடும்.

டோனர் தாத்தா:
மெமரி வேறு, ஹார்டு டிஸ்க் வேறு. இதையே எத்தனை தடவைதான் சொல்வது? மெமரி, அதாவது ராம் என்பது பக்கத்தை வரைந்து வைக்கும் பலகை, கரண்ட் போனால் அழிந்துவிடும்; டிஸ்க்கில் வைத்தது அழியாது. 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், ஒரு ஏ4 பக்கம் கறுப்பு வெள்ளைக்கே 4 எம்பிக்கு மேல் பிடிக்கும். கலர் என்றால் சுருக்காத நிலையில் 130 எம்பியைத் தாண்டும். கணக்கர்தானே, போட்டுப் பாருங்கள். 1200 டிபிஐ வைத்திருந்தால் இன்னும் நான்கு மடங்கு. முதலில் அதைக் குறையுங்கள்.

மாங்கூழ் கணக்கர்:
கலர் எல்லாம் இல்லை சார், வெறும் பில். எண் வந்தது, எழுதி வைக்கவில்லை. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம், விற்றவர் எங்கள் முதலாளிக்குச் சம்பந்தி.

தருமபுரி சர்வீஸ் அக்கா:
பெயர் வேண்டாம் தம்பி, எண்ணைப் பாருங்கள். கேனானில் ஈ602, ரிக்கோவில் எஸ்சி 863 என்றால் டிஸ்க் பக்கம். எச்பியில் 99.09.67 என்றால் டிஸ்க்கில் பர்ம்வேரே, மெஷினை ஓட்டும் மென்பொருளே, கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஒன்று சொல்லுங்கள், ஒரே ஒரு காப்பி கொடுத்தால் வருகிறதா?

மாங்கூழ் கணக்கர்:
வருகிறது அக்கா! மூன்று கேட்டால்தான் நிற்கிறது. ஜிஎஸ்டி பில், வாங்குபவருக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, நமக்கு ஒன்று. எண்ணும் நீங்கள் சொன்னதில் ஒன்றுதான்.

தருமபுரி சர்வீஸ் அக்கா:
அப்படியென்றால் ஒவ்வொன்றாக மூன்று தடவை அடித்து முதலில் லாரியை அனுப்புங்கள். செட் செட்டாக எடுக்கும்போது பல மெஷின்கள் பக்கங்களை டிஸ்க்கில்தான் வைத்துக்கொள்ளும். டிஸ்க் மக்கர் செய்தால் பாரம் ராம் தலையில் விழும், உடனே மெமரி போதவில்லை என்று கத்தும். அப்புறம், சாயங்காலம் மெஷினை எப்படி அணைக்கிறீர்கள்?

மாங்கூழ் கணக்கர்:
அணைப்பதில்லை. ஆறரைக்கு வாட்ச்மேன் மெயினை இறக்கிவிடுவார். எல்லா ஆபீசிலும் அப்படித்தானே?

டோனர் தாத்தா:
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்! எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்குக் கரண்டை வெட்டினால் அது என்ன செய்யும்? பட்டனை அழுத்தி, திரை முழுதாக அணைந்த பிறகுதான் மெயின்.

கல்தூசி:
ஒரு யூபிஎஸ் வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது.

டோனர் தாத்தா:
லேசர் மெஷினைக் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் மாட்டச் சொல்கிற ஆள் இன்னும் இருக்கிறார். டோனரைப் பேப்பரில் உருக்கி ஒட்டும் பியூசர் சூடேறும்போது 1,000 வாட் இழுக்கும், யூபிஎஸ் கூவும்.

பர்கூர்க்காரன்:
டிஸ்க்தானே, பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பாதி விலைக்குக் கிடைக்கும். காலையில் பஸ் ஏறினால் மதியம் திரும்பிவிடலாம்.

கல்தூசி:
சென்னை ரிச்சி தெருவை விடவா? அங்கே பேரம் பேசலாம்.

பர்கூர்க்காரன்:
பேரம் பேச 250 கிலோமீட்டர் போகணுமா அண்ணா? பஸ் செலவுக்கே இன்னொரு டிஸ்க் வரும்.

தருமபுரி சர்வீஸ் அக்கா:
இரண்டு பேரும் நிறுத்துங்கள். கடை டிஸ்க்கை அப்படியே மாட்டினால் பல மெஷின்கள் ஏற்காது. அவர்கள் முறைப்படி பார்மேட் செய்து, சிலவற்றில் பர்ம்வேரும் ஏற்ற வேண்டும். தம்பி, மெஷின் இன்னும் ஓடும்போதே ஸ்கேன் அனுப்பும் மெயில் முகவரிகள் உள்ள அட்ரஸ் புக்கைப் பென்டிரைவில் எடுத்து வையுங்கள்.

மாங்கூழ் கணக்கர் (நான்கு நாள் கழித்து):
டிஸ்க் மாற்றியாயிற்று, மூன்று காப்பியும் வருகிறது. அட்ரஸ் புக் எடுக்க மறந்துவிட்டேன், எல்லா மெயில் முகவரியும் திரும்ப அடிக்கிறேன். வாட்ச்மேனிடம் சொல்லியாயிற்று. நன்றி அக்கா.

தருமபுரி சர்வீஸ் அக்கா:
சரி. பழைய டிஸ்க் எங்கே? ஸ்கேன் செய்த ஆதார், பான் எல்லாம் அதில் இருக்கலாம். பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

பர்கூர்க்காரன்:
ஒரு வாரம் ஆயிற்று அக்கா, ஆளையே காணோம். அடுத்த லோடு ஏற்றப் போய்விட்டார் போல.

கல்தூசி:
கழற்றும்போது உள்ளே தூசு இருந்ததா என்று மட்டும் யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.