42 கேள்வி வேண்டாம், தம்பி

அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கச் செயலாளர் தம்பி போன வாரம் எல்லாருக்கும் அனுப்பிய உடல்நலப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். 42 கேள்விகள். 17-ஆவது கேள்வி, ‘கடந்த 10 ஆண்டுகளில் உட்கொண்ட மருந்துகள் அனைத்தும்’. அந்த இடத்தில் கணினியை மூடிவிட்டேன். நல்ல எண்ணத்தில் செய்த வேலை, குறை சொல்வதற்காக எழுதவில்லை. ஆனால் ஒரு தாளில் என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டு, மருத்துவ உலகத்தையே திருப்பிப்போட்ட ஒரு பேராசிரியர் இருந்தார். ஓய்வு பெறும்வரை மருத்துவமனைப் பதிவேடுகளோடு மாரடித்தவன் என்பதால் அவர் கதை எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

ஆஸ்டின் பிராட்ஃபர்ட் ஹில். 1897-இல் பிறந்த ஆங்கிலேயர். அப்பா பேர்பெற்ற உடலியங்கியல் ஆய்வாளர், மகனுக்கும் டாக்டராகத்தான் ஆசை. முதல் உலகப் போரில் விமானியாகப் போனவர் காசநோயோடு திரும்பினார். டாக்டர் கனவு போயிற்று. நோயிலிருந்து தேறி வந்த காலத்தில் அஞ்சல் வழியாகப் பொருளாதாரம் படித்து 1922-இல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினார். ஆக, உயிர்ப்புள்ளியியலின் (நோய், மருந்து, சாவு பற்றிய எண்களை ஆராயும் துறை) முன்னோடிகளில் ஒருவரான இவரிடம் மருத்துவப் பட்டமும் இல்லை, புள்ளியியல் பட்டமும் இல்லை. மேஜர் கிரீன்வுட் என்ற குடும்ப நண்பர்தான் அவரை இந்தத் துறைக்குள் இழுத்தார் (மேஜர் என்பது ராணுவப் பதவி அல்ல, அவர் பெயரே அதுதான்). பிற்பாடு லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் கிரீன்வுட் இருந்த பேராசிரியர் நாற்காலிக்கே ஹில் வந்து சேர்ந்தார்.

முதல் பெரிய வேலை காசநோயிலேயே அமைந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்து புதிது. பிரிட்டனுக்குக் கிடைத்த மருந்தோ கொஞ்சம்தான், எல்லாருக்கும் கொடுக்க வழியில்லை. அப்படியானால் யாருக்குக் கொடுப்பது? டாக்டர்கள் தங்கள் மனம் போல ஆள் பொறுக்கினால் பிறகு மருந்தின் பலன் எது, பொறுக்கியதன் பலன் எது என்று பிரிக்கவே முடியாது. ஹில் சமவாய்ப்பு எண்களை (சீட்டுக் குலுக்கல் போல, யார் விருப்பமும் கலக்காத எண்கள்) வைத்து, மருந்தா வெறும் படுக்கை ஓய்வா என்று முன்கூட்டியே எழுதி, மூடிய உறைகளில் போட்டுவிட்டார். நோயாளியைச் சேர்ப்பது முடிவான பிறகுதான் உறை திறக்கும். ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்தார்கள், பெறாத 52 பேரில் 14 பேர். 1948-இல் வெளியான அந்த முடிவுகளில் இருந்துதான் இன்றைய மருந்துப் பரிசோதனைகள் கிளை விட்டன.

அப்புறம் சிகரெட். நுரையீரல் புற்றுநோய்ச் சாவுகள் ஏன் இப்படி ஏறுகின்றன என்று யாருக்கும் புரியவில்லை. கார்ப்புகை, சாலைக்குப் போடும் தார் என்றெல்லாம் சந்தேகம். ஹில்லும் ரிச்சர்ட் டால் என்ற இளம் டாக்டரும் லண்டன் மருத்துவமனைகளில் புற்றுநோயாளிகளிடமும், அதே வயதுள்ள மற்ற நோயாளிகளிடமும் ஆள் வைத்துப் புகைப்பழக்கம் பற்றிக் கேட்டார்கள். 1950-இல் வந்த கணக்கு: புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைக்காதவர் 2 பேர், ஒப்பீட்டுக்கு எடுத்த 649 பேரில் 27 பேர். ஆய்வு முடிவதற்குள்ளாகவே டால் புகைப்பதை நிறுத்திவிட்டார்.

எனக்கு அதில் மிகவும் பிடித்தது ஒரு சின்ன இடம். நுரையீரல் புற்றுநோய் என்று நினைத்துக் கேள்வி கேட்ட சிலருக்கு, பிற்பாடு அந்த நோயே இல்லை என்று தெரிந்தது. கேட்டவரும் புற்றுநோய் என்றே நம்பிக் கேட்டார், சொன்னவரும் நோயாளியாகவே சொன்னார். இருந்தும் அவர்களின் புகைப்பழக்கம் புற்றுநோயாளிகளோடு சேரவில்லை, மற்றவர்களோடுதான் சேர்ந்தது. ‘நோயாளி என்றதும் துருவித் துருவிக் கேட்டிருப்பார்கள்’ என்ற ஆட்சேபணை அதோடு அடிபட்டது.

அப்படியும் உலகம் நம்பவில்லை. சரி, இனி நோய் வருமுன்பே கேட்போம் என்று 1951-இல் பிரிட்டனின் டாக்டர்கள் ஏறத்தாழ 60,000 பேருக்கு மடல் போட்டார்கள். ஏன் டாக்டர்கள்? பதிவேட்டில் பெயர் இருக்கும், எங்கே போனாலும் தேடிப் பிடிக்கலாம், இறந்தால் சான்றிதழ் வந்து சேரும். தம்பி கவனிக்க வேண்டியது அடுத்தது: கேள்விகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குகிற மாதிரி, வேண்டுமென்றே சுருக்கமாக வைத்தார்கள். புகைக்கிறீர்களா, விட்டுவிட்டீர்களா, எத்தனை வயதில் ஆரம்பித்தீர்கள், எவ்வளவு. 40,000 பேருக்கு மேல் பதில் போட்டார்கள். 1954-இல் முதல் அறிக்கை வந்தபோது 35 வயதைத் தாண்டிய ஆண்களில் 789 பேர் இறந்திருந்தார்கள். அதில் 36 மட்டுமே நுரையீரல் புற்றுநோய். அந்த 36-இலேயே அதிகம் புகைத்தவர் பக்கம் ஏறுமுகம் தெரிந்துவிட்டது. அதே டாக்டர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து டால் 2004-இல் வெளியிட்ட கணக்கில், புகையை விடாதவர்கள் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்கள்.

எதிர்த்தவர் சாதாரண ஆள் இல்லை. புள்ளியியலின் பிதாமகர் ரொனால்ட் ஃபிஷர். புகைக்கத் தூண்டும் மரபணுவே புற்றுநோயையும் தரலாமே என்றார். அவர் வாயிலும் பைப், புகையிலைக் கம்பெனிகளுக்கு ஆலோசகர் வேறு. ஆனாலும் கேள்வி நியாயமானதுதான் என்பேன். தொடர்பு இருந்தால் அது காரணமாகிவிடுமா? ஹில் 1965-இல் ஒரு சொற்பொழிவில் அந்தக் கேள்விக்கு விடையாக, எடைபோட்டுப் பார்க்க வேண்டிய 9 கோணங்களைச் சொன்னார். இவை கட்டாய விதிகள் அல்ல என்றும் சொன்னார். மாணவர்கள் இன்று அந்த ஒன்பதையும் வாய்ப்பாடு போல ஒப்பிக்கிறார்கள், பின்னால் சொன்னதை விட்டுவிட்டு.

இப்போது நம் படிவத்துக்கு வருகிறேன். டாக்டர்கள் ஆய்விலேயே, நோயில் படுத்திருந்தவர்கள் பதில் போடாததால் ஆரம்ப ஆண்டுகளில் சாவு விகிதம் குறைவாகத் தெரிந்தது. நமக்கும் அதேதான் நடக்கும்: நடைப்பயிற்சி போகிறவர்கள் மூன்றாம் நாளே அனுப்பிவிடுவார்கள், உண்மையில் உதவி தேவைப்படுகிறவர் 17-ஆவது கேள்வியில் என்னைப் போல மூடிவைத்துவிடுவார். அதனால் பதில் வராதவர்களின் பட்டியலை முதலில் எடு தம்பி. ஆளுக்கு ஒரு போன் போட நானும் நாலு பேரும் தயார். படிவத்தை வயது, ஆணா பெண்ணா, புகை, சர்க்கரை, ரத்த அழுத்தம், தனியாக இருக்கிறாரா என்று 6 கேள்வியாக வெட்டிவிட்டு மறுபடி அனுப்பு. அன்றைக்கே நிரப்பித் தருகிறேன்.

மருந்துப் பட்டியல் வேண்டவே வேண்டும் என்றால், என் மனைவியைத்தான் கேட்க வேண்டும்.