ஜூனியரை அடித்ததாக கேஸ் இருக்கும் பிளேயர் டீமில் ஆடலாமா? கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள்

லிபரோ_சென்னை

வணக்கம். சென்னையில் ஒரு கலைக் கல்லூரியில் மூன்றாம் வருடம் படிக்கிறேன், வாலிபால் டீமில் லிபரோ (பின்வரிசையில் நின்று பந்தை எடுப்பவன்). காலேஜ் எது என்று ஊகித்தாலும் தயவுசெய்து இங்கே எழுத வேண்டாம்.

போன மாதம் ஹாஸ்டலில் எங்கள் மெயின் ஸ்பைக்கர் (வலைக்கு மேல் பந்தை அடித்து பாயின்ட் எடுப்பவன்), முதல் வருடப் பையன் ஒருவனை ராத்திரி ரூமுக்குக் கூப்பிட்டு அடித்ததாகப் புகார். துணி துவைத்துத் தரச் சொன்னதற்கு அந்தப் பையன் மாட்டேன் என்றானாம். அவனும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்தவன்தான், எங்கள் டீமிலேயே ரிசர்வ். காதில் ரத்தம் வந்து ஜி.எச்.சுக்குக் கூட்டிப்போனதில் செவிப்பறை கிழிந்திருப்பதாகச் சொல்லிவிட்டார்கள், அங்கிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போய் எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது. ஸ்பைக்கர் சொல்வது வேறு. தள்ளியது உண்மை, ஆனால் அடிக்கவில்லை, கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டான் என்கிறான். ரூமில் இருந்த மற்றவர்கள் தூங்கிவிட்டோம் என்கிறார்கள். நான் அந்த மாடியிலேயே இல்லை.

அடுத்து இன்டர்-காலேஜ் மேட்ச் வருகிறது, அதை வைத்துத்தான் யுனிவர்சிட்டி டீம் செலக்‌ஷன். "மேட்ச் முடியட்டும், அதற்குள் பேசி முடிச்சிடலாம்" என்கிறார் கோச். ஜூனியரின் அப்பாவை ஊரிலிருந்து வரவழைத்து ஒரு தடவை பேசியும் பார்த்துவிட்டார்கள். இப்போது டீமில் எல்லோரும் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம், "இவர் நல்ல நடத்தையுள்ளவர், இதுவரை யாரிடமும் தகராறு செய்ததில்லை" என்று. நான் இன்னும் போடவில்லை.

ஸ்பைக்கர் என் நண்பன். அவன் வீட்டுக் கஷ்டம் எனக்குத் தெரியும், போலீஸ் வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போவதுதான் அந்த வீட்டுக்கு இருக்கும் ஒரே நம்பிக்கை. கோர்ட்டில் நிரூபணம் ஆகாத வரைக்கும் அவன் குற்றவாளி இல்லை என்றால், டீமிலிருந்து நிறுத்துவது எப்படி நியாயமாகும்? ஆனால் அவன் செர்வ் போடும்போது அந்தப் பையனின் அப்பா வெளியே பிரின்சிபல் ரூம் வாசலில் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தேன். என்ன செய்வது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_பி.டி.

தம்பி, முதலில் கையெழுத்துப் போடாதே. மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் பிசிகல் டைரக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கோச்சுக்கு என்ன நெருக்கடி என்று எனக்குத் தெரியும். ஷீல்டு வந்தால்தான் அடுத்த வருடம் மேனேஜ்மென்ட் ஸ்போர்ட்ஸ் சீட் கொடுக்கும், ஹாஸ்டலில் பிளேயர்களுக்கு முட்டையும் பாலும் தொடரும். அந்த நெருக்கடியில் இருப்பவர் இந்தப் பையன் ஆடலாமா கூடாதா என்று முடிவு செய்யவே கூடாது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ஜெயிக்க அந்தப் பையன் தேவைப்படுகிற ஒருவரிடம் அந்தப் பையனைப் பற்றிய முடிவைக் கொடுத்தால் யாராக இருந்தாலும் இப்படித்தான் நடக்கும்.

முடிவெடுக்க வேண்டியது காலேஜின் ராகிங் தடுப்புக் குழு. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2009 விதிமுறையில் என்னென்ன தண்டனை கொடுக்கலாம் என்று வரிசையாகப் போட்டிருக்கிறது: வகுப்புக்கு வராமல் நிறுத்துவது, ஸ்காலர்ஷிப்பை நிறுத்துவது, ஹாஸ்டலிலிருந்து வெளியேற்றுவது, ஒன்று முதல் நான்கு செமஸ்டர் வரை நீக்குவது, கடைசியில் காலேஜை விட்டே அனுப்புவது. இந்த வரிசையில் காலேஜ் சார்பில் எந்தப் போட்டியிலும் ஆடவிடாமல் தடுப்பதும் தனியாக இருக்கிறது. அதாவது ஆட்டத்தையும் படிப்பையும் பிரித்துப் பார்க்க விதியிலேயே இடம் இருக்கிறது. என்னைக் கேட்டால், விசாரணை முடியும்வரை அவன் டீம் ஜெர்சி போடக் கூடாது, ஜூனியர் இருக்கும் ஹாஸ்டலில் தங்கவும் கூடாது. ஆனால் வகுப்புக்கு வரட்டும், பரீட்சை எழுதட்டும். அதைத் தடுத்தால் நாளைக்குக் குற்றமற்றவன் என்று தெரிந்தாலும் அந்த வருடத்தைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது.

அடையாறு_ஹூப்ஸ்

பி.டி. சார் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். விசாரணை முடியும்வரை என்கிறீர்களே, எப்போது முடியும் என்று யார் சொல்வது? ஒரு ஃபைனல் இயர் பிளேயருக்கு இருப்பது இந்த ஒரு சீசன். அதைக் கடத்திவிட்டு ஏப்ரலில் "புகார் நிரூபிக்கப்படவில்லை" என்று ஒரு தாள் கொடுத்தால் என்ன பிரயோஜனம்?

அமெரிக்கக் காலேஜ் விளையாட்டை ரொம்ப நாளாகப் பார்த்து வருகிறேன், அங்கே இந்தச் சண்டை பல வருடங்களாக ஓடுகிறது. 2006-ல் டியூக் பல்கலைக்கழக லக்ராஸ் (வலை கட்டிய கம்பால் பந்து ஆடும் விளையாட்டு) வீரர்கள் மூன்று பேர் மேல் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டு வந்தது. டீமின் சீசனையே ரத்து செய்தார்கள், கோச் வேலையை விட்டுப் போக வேண்டியிருந்தது. 2007-ல் மாநில அட்டர்னி ஜெனரலே மூவரும் நிரபராதிகள் என்று அறிவித்து வழக்கைக் கைவிட்டார், வழக்கு நடத்திய அரசு வக்கீலின் உரிமம் பறிபோனது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழக பாஸ்கெட்பால் வீரர் டெரன்ஸ் ஷானன் விஷயம் இன்னும் கிட்டத்தில் நடந்தது. 2023 டிசம்பரில் பாலியல் குற்றச்சாட்டில் சஸ்பெண்ட் செய்தார்கள், 2024 ஜனவரியில் ஃபெடரல் நீதிபதி அந்த சஸ்பென்ஷனை நிறுத்திவைத்தார், அவர் திரும்ப வந்து ஆடினார், ஜூன் மாதம் ஜூரி அவரை விடுவித்தது. கோர்ட்டுக்குப் போகப் பணமும் வக்கீலும் இருந்ததால் அவருக்கு சீசன் மிஞ்சியது. நம்ம ஊர் வாலிபால் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால் நிறுத்துங்கள், ஆனால் தேதி போட்டு நிறுத்துங்கள். குழு இத்தனை நாளுக்குள் விசாரித்து எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும், ஸ்பைக்கரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அவன் சொல்கிற கட்டில் கம்பிக் கதையையும் ரூமுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

சேப்பாக்கம்_பாய்

எல்லா ஹாஸ்டலிலும் நடப்பதுதானே இது. நாங்களும் சீனியர் துணியைத் துவைத்திருக்கிறோம், அறை வாங்கியிருக்கிறோம், ஒன்றும் ஆகிவிடவில்லை. ஒரு அறைக்கு ஒருத்தன் வாழ்க்கையை முடிக்க வேண்டுமா?

எழும்பூர்_ஆஸ்ட்ரோடர்ஃப்

சேப்பாக்கம் தம்பி, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது சந்தோஷம். அந்தப் பையனுக்குச் செவிப்பறை கிழிந்திருக்கிறது. சாகர் தன்கர் என்ற மல்யுத்த வீரரை நினைவிருக்கிறதா? ஜூனியர் தேசிய சாம்பியனாக இருந்தவர், 23 வயது. 2021 மே மாதம் டெல்லி சத்ரசால் ஸ்டேடியத்தில் அடிபட்டு இறந்துபோனார். அந்தக் கொலை வழக்கில் கைதானவர் இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய சுஷில் குமார். வழக்கு இன்னும் முடியவில்லை, யார் குற்றவாளி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் சீனியர் கை வைத்தால் ஜூனியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்ற பழக்கம் விளையாட்டு ஹாஸ்டல்களில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்று அங்கே வளர்ந்த யாருக்கும் தெரியும். நான் ஹாக்கி ஆடியவள், ஹாஸ்டலில்தான் வளர்ந்தேன்.

இந்தத் திரி முழுக்க ஸ்பைக்கரின் சீசன், ஸ்பைக்கரின் வேலை, ஸ்பைக்கரின் வீடு என்றே போகிறது. ஜூனியர் என்ன ஆனான் என்று ஒருவரும் கேட்கவில்லை. செவிப்பறை ஆறும்வரை அவன் தண்ணீரில் இறங்கக் கூடாது, பிராக்டீஸுக்கும் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் போக முடியும். இந்த சீசன் அவனுக்கும்தான் போயிற்று. அதற்கு யாரும் கையெழுத்து வாங்கவில்லை. அவனும் கோட்டா சீட்டில் வந்தவன், ஆடாவிட்டால் ஃபீஸ் சலுகை என்ன ஆகும் என்ற பயம் அவனுக்கும் இருக்கும். அப்பாவை வரவழைத்து நாற்காலி போட்டுப் பேசுகிறார்களே, கேஸை வாபஸ் வாங்கினால் பையன் டீமில் நீடிப்பான் என்று சொன்னார்களா இல்லையா என்று விசாரியுங்கள் லிபரோ தம்பி. நான் கேள்விப்பட்ட வரை அந்தப் பேச்சு எப்போதும் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

ஸ்பைக்கருக்கு இரண்டாவது வாய்ப்பு கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். இருபது, இருபத்தொரு வயது, செய்ததை ஒத்துக்கொண்டு வைத்தியச் செலவை ஏற்று தண்டனையை முடித்து வந்தால் நானே அவனுக்கு கிளப் மேட்ச் ஏற்பாடு செய்து தருவேன். ஆனால் அதை அடிபட்டவன் வீட்டுக் கணக்கில் எழுதக் கூடாது.

பாரிமுனை_வக்கீல்

ஹைகோர்ட்டில் பிராக்டீஸ் செய்கிறேன். பொதுவாகத்தான் சொல்ல முடியும், கேஸ் கட்டைப் பார்க்காமல் குறிப்பாகச் சொல்வது தவறு.

முதலில், தமிழ்நாட்டில் ராகிங்குக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு 1997-ல் வந்தது. இரண்டு வருடம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். குற்றம் நிரூபணமானால் காலேஜிலிருந்து நீக்குவதோடு வேறு காலேஜிலும் சேர முடியாது. புகார் வந்தால் காலேஜ் தலைமை உடனே விசாரித்து, உண்மை என்று தெரிந்தால் சஸ்பெண்ட் செய்ய வேண்டும். இதற்குக் கோர்ட் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. நாவரசு வழக்கையே பாருங்கள், 1998-ல் தண்டனை, 2001-ல் ஹைகோர்ட் விடுதலை, 2011-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடி தண்டனை. காலேஜ்கள் அத்தனை வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? "நிரூபணம் ஆகும்வரை நிரபராதி" என்பது சிறைக்கு அனுப்புவதற்கான அளவுகோல். டீமில் இடம் கொடுப்பதற்கு அவ்வளவு தேவையில்லை, நியாயமான ஒரு விசாரணை போதும்.

இனி நான் சொல்லப்போவதை கோச்சிடம் காட்டுங்கள், ஏனென்றால் அவர் ஸ்பைக்கருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு பெரிய கெடுதல் செய்துகொண்டிருக்கிறார். தமிழ்நாடு போலீஸ் தேர்வுக்கான விதியில், சந்தேகத்தின் பலனில் விடுதலையானாலோ, புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலையானாலோ, அவரைக் கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவராகத்தான் கருத வேண்டும் என்று விளக்கமே கொடுத்திருக்கிறார்கள். ஹைகோர்ட்டின் முழு அமர்வும் அதை ஏற்றிருக்கிறது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு மூன்று சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, உண்மை. ஆனால் கோட்டாவில் போனாலும் போலீஸ் வெரிஃபிகேஷன் இருக்கிறது. மிரட்டியோ காசு கொடுத்தோ ஜூனியரைக் கூண்டில் ஏறி "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்லவைத்தால், கோர்ட்டில் ஜெயித்துவிட்டு வேலையில் தோற்பான். உண்மையிலேயே அவன் அடிக்கவில்லை என்றால் அவனுக்குத் தேவை சந்தேகமே இல்லாத விடுதலை, அதற்கு விசாரணை நேர்மையாக நடந்தாக வேண்டும்.

அடித்திருந்தால் என்ன என்று கேட்பீர்கள். வழி இருக்கிறது. 1958-ம் வருட நன்னடத்தைச் சட்டப்படி இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புவதானால் நீதிபதி ஏன் என்று காரணம் எழுத வேண்டும், நன்னடத்தை உறுதிமொழியில் விடலாம். காயம் கொடுங்காயமா (சட்டப்படி கடுமையான காயமா) என்பது முக்கியமாகக் காது கேட்பது நிரந்தரமாகப் போனதா இல்லையா என்பதைப் பொறுத்தது, அதை ஈ.என்.டி. டாக்டரின் ரிப்போர்ட் சொல்லும். அப்புறம், எந்த வேலை விண்ணப்பத்திலும் கேஸை மறைக்கக் கூடாது. 2016-ல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை விரிவாகச் சொன்னது: இளவயதில் நடந்த சின்ன விஷயங்களை வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம், மறைத்தது தெரிந்தால் அதுவே வேலையை ரத்து செய்யக் காரணமாகலாம். போலீஸ் வேலை கஷ்டம்தான், அதை மறைக்காமல் சொல்கிறேன். பேங்க், ரயில்வே போன்ற மற்ற இடங்களில் முதலிலேயே உண்மையைச் சொன்னவருக்கு வாதாட ஏதாவது இருக்கும்.

அந்த நன்னடத்தைக் கடிதம் பற்றி: பார்க்காததைப் பார்த்தது போல எழுதிக் கையெழுத்துப் போட்டால் நாளைக்குக் குறுக்கு விசாரணையில் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

லிபரோ_சென்னை

எல்லோருக்கும் நன்றி. போலீஸ் விதி பற்றி எங்களில் யாருக்குமே தெரியாது, ஸ்பைக்கருக்கும் தெரியாது. அவனிடம் நேற்று ராத்திரி காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை, பிறகு "வக்கீல் யாரையாவது பார்க்கணும்டா" என்றான். அடித்தானா இல்லையா என்று நான் கேட்கவில்லை, அதை அவன் குழுவிடம் சொல்லட்டும்.

அக்கா சொன்னபடி ஜூனியருக்கு போன் செய்தேன். கேஸை வாபஸ் வாங்கினால் ஃபீஸ் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். கடிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கேப்டனிடம் சொல்லிவிட்டேன், இன்னும் மூன்று பேர் கூட நிற்கிறார்கள். ராகிங் தடுப்புக் குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறோம். எங்களையும் டீமிலிருந்து தூக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எப்படி எழுதுவது?

ஓய்வுபெற்ற_பி.டி.

சுருக்கமாக எழுது. ஸ்பைக்கர் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ ஒரு வரிகூட வேண்டாம். குழு விசாரித்து முடிவு சொல்லும்வரை அவன் மேட்சில் ஆட வேண்டாம், விசாரணைக்குக் கெடு தேதி வேண்டும், இரண்டு பேர் படிப்பும் பாதிக்கக் கூடாது, ஜூனியர் வீட்டாரிடம் டீம் சார்பில் யாரும் பேசக் கூடாது, ஜூனியரின் ஃபீஸ் சலுகை இந்த வருடம் ஆடாவிட்டாலும் தொடர வேண்டும். நாலு பேரும் பெயர் போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிரின்சிபல் ஆபீசில் கொடுத்து நகலில் தேதியோடு சீல் வாங்கு. சீல் போட மறுத்தால் ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பு. யு.ஜி.சி. ராகிங் ஹெல்ப்லைன் 1800-180-5522, அதிலும் ஒரு புகார் பதிவு செய்து நம்பரைக் குறித்து வை. உங்களை டீமிலிருந்து எடுத்தால் அந்தத் தேதியும் அந்த சீலும்தான் பேசும். ஸ்பைக்கர் இல்லாத டீமுக்கு யாரை எந்த இடத்தில் நிறுத்துவது என்று குழப்பம் இருந்தால் தனியாக மெசேஜ் போடு, ரொட்டேஷன் போட்டுத் தருகிறேன்.