எல்விஸ் போன வாரத்தில் க்ரூச்சோவும் போனார்: 1977 பற்றி ஒரு கேள்வி

சுருள்நாடா:
எங்கள் குடியிருப்பில் ஏழெட்டுப் பேர் மாதம் ஒரு ஞாயிறு மாலை மொட்டை மாடியில் கூடிப் பழைய பாட்டுக் கேட்போம், நடுநடுவே பழைய படத்துண்டுகளும் போடுவோம். இந்த மாதம் என் முறை. எல்விஸ் பிரெஸ்லியை எடுத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தவன் தேதிகளைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். எல்விஸ் இறந்தது 1977 ஆகஸ்ட் 16, வயது 42. மூன்றாம் நாள், 19ஆம் தேதி, நகைச்சுவை நடிகர் க்ரூச்சோ மார்க்ஸ், வயது 86. உலகமே எல்விஸ் வீடு இருந்த மெம்பிஸ் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்ததால் கிழவருக்கு உரிய மரியாதை கிடைக்கவே இல்லை. மறுநாள் 20ஆம் தேதி வாயேஜர் 2 விண்கலம் கிளம்புகிறது, வேற்றுக்கிரகவாசிகள் கையில் கிடைத்தால் கேட்கட்டும் என்று அதில் வைத்த தங்க இசைத்தட்டில் ராக் பாடகர் சக் பெர்ரியின் பாட்டு. அந்த ஆண்டு முடிவதற்குள், கிறிஸ்துமஸ் அன்று, சாப்ளினும் போய்விட்டார்.

இதையே ஒரு மாலையாகக் கோத்தால் என்ன என்று ஆசை. ஆனால் வீட்டம்மா, "பாட்டுக்காரரையும் கோமாளியையும் ஒரே இலையில் வைத்தால் ரசத்தில் பாயசம் கொட்டின மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதனால் உங்களிடம் கேட்கிறேன். தேதி பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைத் தவிர இவர்களுக்குள் நிஜமாகவே ஒட்டுறவு உண்டா, இல்லை நான் பஞ்சாங்கத்தை வைத்துக் கதை கட்டுகிறேனா? மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான் கையில் இருக்கிறது. அதற்கு மேல் போனால் இரண்டாவது மாடிக்காரர் படியேறி வந்துவிடுவார்.

(சந்திரபாபுவைச் சொல்ல நினைப்பவர்களுக்கு: அவருக்கு ஒரு முழு மாலை தனியாக உண்டு, இதில் சேர்க்க மாட்டேன்.)

ஊசிமுனை:
தாராளமாக வையுங்கள் சார், இலை தாங்கும்.

1975 டிசம்பர் இங்கிலாந்து விற்பனைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். முதலிடத்தில் குயீன் குழுவின் பொஹீமியன் ராப்சடி, ஒன்பது வாரம் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அதற்கு நேர் கீழே, இரண்டாம் இடத்தில் யார் தெரியுமா? பழைய படங்களின் நகைச்சுவை ஜோடி லாரலும் ஹார்டியும்! 1937இல் வந்த அவர்களுடைய படம் ஒன்றில் மதுக்கடையில் நின்று பாடுவார்களே, அந்தப் பாட்டை இசைத்தட்டாகப் போட்டார்கள், அது பிய்த்துக்கொண்டு போனது. அப்போது ஹார்டி இறந்து 18 ஆண்டு, லாரல் இறந்து 10 ஆண்டு ஆகியிருந்தது. ஹார்டிக்கு உண்மையிலேயே நல்ல குரல், அவர் பாட்டிலிருந்து நடிப்புக்கு வந்தவர். நடுவில் லாரல் வாயைத் திறந்ததும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு கட்டைக் குரல் வரும், அது லாரலுடையது இல்லை, சில் வில்ஸ் என்ற நடிகர் பாடியது. பொறுக்க முடியாமல் ஹார்டி சுத்தியலால் தலையில் ஒன்று போடுவார், உடனே அதே வாயிலிருந்து பெண் குரல் வரும். இந்தத் துண்டைப் போடாமல் விட்டால் உங்கள் மாலை மாலையே இல்லை.

இன்னும் கேளுங்கள். இவர்களை முதலிடத்துக்கு விடாமல் மறித்த அந்தப் பாட்டு இருக்கும் ஆல்பத்தின் பெயர் எங்கிருந்து வந்தது? க்ரூச்சோ தன் சகோதரர்களோடு நடித்து 1935இல் வந்த மார்க்ஸ் சகோதரர்கள் படத்தின் பெயர் அது. அடுத்த ஆண்டு வந்த ஆல்பத்துக்கும் அவர்களுடைய 1937 படத்தின் பெயரையே வைத்தார்கள். குயீன் குழுவினர் 1977 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸ் போனபோது க்ரூச்சோவின் வீட்டுக்கே போய் அவர் எதிரில் பாடிவிட்டு வந்தார்கள். அடுத்த ஐந்து மாதத்தில் அவர் இல்லை. பஞ்சாங்கக் கதை எல்லாம் இல்லை சார் இது.

மூன்றாம்மாடி:
எல்விஸுக்கும் நகைச்சுவைக்காரர்களுக்கும் உறவு இருந்தது, ஆனால் நல்ல உறவு இல்லை. 1956 ஜூன் 5 அன்று மில்டன் பெர்ல் என்ற நகைச்சுவைக்காரரின் டிவி நிகழ்ச்சியில் ஹவுண்ட் டாக் பாடி இடுப்பை ஆட்டினார், நாடே கொதித்தது. அடுத்தது ஸ்டீவ் ஆலனின் நிகழ்ச்சி, ஜூலை 1. ஆலன் நகைச்சுவைக்காரர், பையனை ஆடவிடாமல் செய்ய அவர் கண்டுபிடித்த வழி, வால் வைத்த கோட்டை மாட்டிவிட்டு, பீடத்தில் ஒரு நிஜ பாசெட் நாயை உட்காரவைத்து, அதைப் பார்த்துப் பாடச் சொன்னது. பாவம், சிரித்துக்கொண்டே பாடுகிறார், நாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. மறுநாளே நியூயார்க் ஸ்டுடியோவில் அதே பாட்டைப் பதிவு செய்தார், 31 டேக். முந்தைய ராத்திரியின் கோபம் அந்த டிரம்ஸ் சத்தத்தில் தெரிகிறது என்பது என் காதுக்குத் தோன்றுவது, ஆதாரம் கேட்காதீர்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள்.

சலிப்புச்சாமி:
எல்லாம் சரி, ஹவுண்ட் டாக் ஹவுண்ட் டாக் என்கிறீர்களே, அது யார் பாட்டு? 1952 ஆகஸ்டில் பிக் மாமா தோர்ன்டன் என்ற கறுப்பினப் பாடகி பதிவு செய்தது. அடுத்த ஆண்டு ஆர் அண்ட் பி என்ற கறுப்பர் இசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம். அந்தப் பாட்டுக்காக மொத்தமே 500 டாலர்தான் தன் கைக்கு வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். எல்விஸின் முதல் இசைத்தட்டை எடுங்கள், 1954, சன் ஸ்டுடியோ. அது ஆர்தர் க்ரூடப் 1946இல் பாடிய ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பர்களின் சோகப் பாட்டு வகை. அந்த மனிதர் பாட்டை நம்பிப் பிழைக்க முடியாமல் கூலி வேலை பார்த்து, உரிமைத் தொகைக்காக வழக்கறிஞர் வைத்து அலைந்து, கைக்குப் பெரிதாக ஒன்றும் வராமல் 1974இல் கண்ணை மூடினார். க்ரூச்சோவுக்கு மரியாதை கிடைக்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள், அவராவது 86 வயது வரை பேரோடும் பணத்தோடும் வாழ்ந்தவர். 1977 பிப்ரவரியில் மெம்பிஸில் ப்ளூஸ் பாடகர் புக்கா வைட் இறந்தார், ப்ளூஸ் கிட்டாரில் பேர்போன பி.பி. கிங்கின் உறவினர், கிங் ஊரைவிட்டு முதலில் மெம்பிஸ் வந்தபோது அடைக்கலம் கொடுத்தவர். எல்விஸ் வீடு இருந்த அதே ஊர். எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? ஆண்டைக் கொண்டாடுவதானால் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை கொண்டாடுங்கள்.

சுருள்நாடா:
சலிப்புச்சாமி அண்ணே, குத்து சரியான இடத்தில் விழுந்தது. புக்கா வைட்டின் பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன். இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன், கிட்டாரை ரயில் மாதிரி ஓடவிடுகிறார் மனுஷன். தோர்ன்டனைப் போட்டுவிட்டு அப்புறம் எல்விஸ், அந்த வரிசையில் வைக்கிறேன்.

ஊசிமுனை:
அண்ணன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, ஆனால் அந்தக் கணக்கில் எல்விஸை மட்டும் திருடன் ஆக்கிவிட முடியாது. க்ரூடப் பெயரை அவர் வெளிப்படையாகச் சொன்னவர். 1956 டிசம்பர் 7, மெம்பிஸில் கறுப்பர்களுக்கான வானொலி நிலையமான டபிள்யூடிஐஏ ஆண்டுதோறும் நடத்திவந்த நிகழ்ச்சி, ஊரில் நிறப்பிரிவினை இருந்த காலம், அங்கே போய் மேடைக்குப் பின்னால் பி.பி. கிங்கோடு தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். காசு போன வழி வேறு. அதற்குக் கம்பெனிகளைக் கேட்க வேண்டும்.

டீச்சரம்மா:
வாயேஜர் பற்றி யாரும் விரித்துச் சொல்லவில்லையே, அதனால் வருகிறேன். அந்தத் தட்டில் மொத்தம் 27 இசைத்துண்டுகள். சக் பெர்ரியைச் சேர்ப்பதற்கு நாட்டார் பாடல்களைத் தேடித் தேடிப் பதிவு செய்த ஆலன் லோமாக்ஸே எதிர்ப்புச் சொன்னார், ராக் விடலைப் பிள்ளைகளின் இசை என்று. பூமியில் விடலைப் பிள்ளைகளும் நிறைய இருக்கிறார்களே என்று பதில் சொல்லிச் சேர்த்தவர் தட்டுக்குப் பொறுப்பாக இருந்த விஞ்ஞானி கார்ல் சேகன். அதே தட்டில் ஒரு ப்ளூஸ்காரரும் இருக்கிறார், பிளைண்ட் வில்லி ஜான்சன், 1927 டிசம்பரில் டல்லஸில் பதிவானது. அதில் சொல்லே கிடையாது. கிட்டார் கம்பி மேல் வழுக்கும் சத்தமும் அவர் முனகலும் மட்டும்தான், இரவில் படுக்க இடமில்லாதவனின் முனகல். அவர் 1945இல் டெக்சாஸ் போமாண்டில் வீடு எரிந்துபோய், அந்த இடிபாட்டிலேயே ஈரப் படுக்கையில் படுத்துக் காய்ச்சல் கண்டு இறந்தார். இப்போது அவர் குரல் சூரியனின் எல்லையைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே தொண்டை அடைக்கும், பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் கணக்கில் இன்னொரு தேதியையும் எழுதிக்கொள்ளுங்கள். தட்டில் இருக்கும் ஒரே இந்தியக் குரல் ஹிந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கர். வாயேஜர் 1 செப்டம்பர் 5இல் கிளம்பியது, அவர் 16ஆம் தேதி காலமானார். அவரைப் பரிந்துரைத்த ராபர்ட் பிரவுன் யார் என்றால், பாலசரஸ்வதியின் தம்பி டி. ரங்கநாதனிடம் மிருதங்கம் படித்து அதைப் பற்றியே ஆய்வேடு எழுதிய அமெரிக்கர்.

நகைச்சுவைக்கு வருகிறேன். 1978 ஏப்ரலில் சாட்டர்டே நைட் லைவ் என்ற அமெரிக்க டிவி நகைச்சுவை நிகழ்ச்சியில் நடிகர் ஸ்டீவ் மார்ட்டின், வேற்றுக்கிரகவாசிகளிடமிருந்து முதல் செய்தி வந்துவிட்டது என்று அறிவித்தார். செய்தி என்னவென்றால், சக் பெர்ரி இன்னும் வேண்டுமாம்.

மூன்றாம்மாடி:
டீச்சர், அதே நிகழ்ச்சியிலிருந்து இன்னொரு நூல் பிடிக்கலாம். 1977 இலையுதிர்காலத்தில் அந்த நிகழ்ச்சியின் நடிகர் ஜான் பெலூஷி ஒரு படப்பிடிப்புக்காக ஒரேகனில் யூஜீன் என்ற ஊரில் இருந்தார். அங்கே கர்ட்டிஸ் சல்காடோ என்ற ஹார்மோனிகாக்காரர் வாசிப்பதைக் கேட்டுவிட்டு ப்ளூஸ் பைத்தியம் பிடித்துப்போய்த் திரும்பினார். அதிலிருந்து வந்ததுதான் சக நடிகர் டான் அய்க்ராய்டோடு சேர்ந்து கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாகப் போட்ட ப்ளூஸ் பிரதர்ஸ் வேடம். முதல் ஆல்பம் 1978இல் ஸ்டீவ் மார்ட்டின் மேடையேறுவதற்கு முன் அவர்கள் பாடியபோது நேரடியாகப் பதிவானது, சல்காடோவுக்கே சமர்ப்பணம். அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதில் ஒரு பாட்டின் நடுவில் பெலூஷி "ஸ்டீவ், வாசி" என்று கத்துவார். 1967இல் சாம் அண்ட் டேவ் ஜோடி பாடிய அதன் மூலப் பாட்டிலும் அதே கத்தல் உண்டு, இரண்டிலும் கிட்டார் வாசித்தவர் அதே ஸ்டீவ் க்ராப்பர்தான்.

சலிப்புச்சாமி:
தம்பி, முழுசாகச் சொல்லுங்கள். 1980இல் வந்த ப்ளூஸ் பிரதர்ஸ் படத்தில் சிகாகோ மேக்ஸ்வெல் தெருவில் ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கர் நின்று பாடுவார், படத்திலேயே எனக்குப் பிடித்த இடம். படத்தின் பாடல்களைத் தட்டாகப் போட்டபோது அவரை விட்டுவிட்டார்கள். வேடம் போட்டவர்கள் பாடியதெல்லாம் இருக்கிறது. அரீத்தா ஃபிராங்க்ளினையும் கேப் கேலோவேயையும் புதிய தலைமுறைக்குக் காட்டியது அந்தப் படம் என்பதை ஒத்துக்கொள்கிறேன், அந்தப் புண்ணியம் அவர்களுக்கு உண்டு. ஹூக்கர் கணக்கு தனி.

ஊசிமுனை:
சுருள்நாடா சார், க்ரூச்சோவுக்கு மரியாதை கிடைக்கவில்லை என்று ஆரம்பித்தீர்களே, அதற்கு ஒன்று விட்டுப்போனது. ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் தெரியும்தானே, கண்ணில் மை வழிய, கழுத்தில் மலைப்பாம்போடு மேடைக்கு வந்து பெற்றோர்களை அலறவைத்தவர். அவரும் க்ரூச்சோவும் நண்பர்கள். தூக்கம் வராத இரவுகளில் கிழவர் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பழைய படம் பார்ப்பாராம். 1978இல் ஹாலிவுட் மலையில் இருந்த எழுத்துகள் இற்றுப்போய் விழ ஆரம்பித்தபோது ஓர் எழுத்துக்கு 27,000 டாலருக்கு மேல் என்று ஒன்பது பேர் ஒன்பது எழுத்துக்கும் பணம் கொடுத்தார்கள். கூப்பர் கொடுத்தது ஒரு "ஓ"வுக்கு, க்ரூச்சோ நினைவாக.

சுருள்நாடா:
இதை வீட்டம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பாயசம் தனிக் கிண்ணத்தில் வேண்டாம், இலையிலேயே ஊற்றலாம் என்று அனுமதி வந்துவிட்டது. புக்கா வைட்டில் ஆரம்பம், தோர்ன்டன், நாயோடு எல்விஸ், லாரல் ஹார்டி, டீச்சர் சொன்ன வில்லி ஜான்சனை விளக்கை அணைத்துவிட்டு, கடைசியில் மலையின் படம், அந்த "ஓ". ஹூக்கருக்கு இடம் எங்கே என்றுதான் யோசிக்கிறேன் அண்ணே, ஒன்றே முக்கால் மணி நேரம் வருகிறது. இரண்டாவது மாடிக்காரரையும் அழைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.